விளக்கு வைக்கிற நேரத்துச் சம்மதம்

மதுரையில் அரசரடிப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில்தான் அந்தப் பயிற்சி நடந்தது. வைகாசி மாதம் என்பதால் முகூர்த்த நாள்களில் வகுப்பு கிடையாது. மறுநாள் வருகிறவர்கள் பந்தி மேசைகளை ஓரமாகத் தள்ளிவிட்டு, ரசவாசனை இன்னும் போகாத கூடத்தில் உட்கார்ந்து, சொந்தத் தொழில் தொடங்குவது எப்படி என்று படித்தார்கள். கரும்பலகைக்கு மேலே சுவரில் எப்போதும் யாரோ ஒரு மாப்பிள்ளை, பெண்ணின் பெயர் ஜிகினா எழுத்தில் மின்னிக்கொண்டிருக்கும்.

இது 1983இல். சிறுதொழில் தொடங்க ஆசைப்படுகிறவர்களைத் தேர்ந்தெடுத்து, ஆறு வாரம் சொல்லிக்கொடுத்து, கடைசியில் ஒரு குழுவின் முன்னால் நிறுத்துவார்கள். குழுவில் ஒரு பாங்க் மேலாளர், ஒரு தொழில்துறை அதிகாரி, இயந்திரங்கள் தெரிந்த ஒரு பொறியாளர். அவர்கள் பரிந்துரைத்தால் பாங்கில் கடன் கிடைக்கும். மெழுகுவர்த்தி மாதிரியான தொழில் என்றால் அதைவிட முக்கியமான ஒன்றும் கிடைக்கும்: மெழுகு. அந்தக் காலத்தில் மெழுகை நினைத்தபடி கடையில் வாங்க முடியாது. பதிவு பெற்ற தொழில்கூடத்துக்கு அளந்துதான் கொடுப்பார்கள். பரிந்துரை இல்லையென்றால் பதிவு இல்லை, பதிவு இல்லையென்றால் மெழுகு இல்லை.

பயிற்சியில் சேர வயது வரம்பு முப்பத்தைந்து. விளாங்குடி ஜெயக்கொடிக்கு முப்பத்துநாலு முடிந்து பல மாதங்கள் ஆகியிருந்தன. அடுத்த பயிற்சி அடுத்த வருஷம். ஆகவே அவளுக்கு இந்த ஒரு வாய்ப்புதான்.

அவள் கணவன் வீரணன் ஒரு பஞ்சாலையில் பதிலி. பதிலி என்றால், தினமும் காலையில் போய் ஆலை வாசலில் நிற்க வேண்டும். உள்ளே நிரந்தர வேலைக்காரர் யாராவது வராமல் போனால், அந்த இடத்துக்கு ஒருவரைக் கூப்பிடுவார்கள். கூப்பிட்டால் அன்றைக்குச் சம்பளம். இல்லையென்றால் சாப்பாட்டுத் தூக்கோடு திரும்பி வர வேண்டியதுதான். இன்னொருத்தருக்குக் காய்ச்சல் வந்தால்தான் தன் வீட்டில் அடுப்பெரியும் என்ற நிலைமை ஜெயக்கொடிக்குப் பிடிக்கவில்லை. யாரும் கூப்பிடாமலே தொடங்கக்கூடிய ஒரு வேலை வேண்டும் என்றுதான் அவள் விண்ணப்பம் போட்டாள்.

பயிற்சி கொடுத்தவர் தனிஸ்லாஸ். வயது இருபத்தாறு. அப்பாவும் அம்மாவும் மிஷன் பள்ளி ஆசிரியர்கள். அவருக்கு இதுதான் முதல் வகுப்பு. உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப்பேர் அவரைவிட மூத்தவர்கள் என்பதால் எல்லாரையும் அண்ணே, அக்கா என்றே கூப்பிடுவார். அவர்கள் அவரை சார் என்பார்கள்.

முதல் நாள் அவர் பாடம் எதுவும் நடத்தவில்லை. கூடத்தின் நடுவில் ஒரு முளையை நிறுத்தி, ஆளுக்குச் சில கயிற்று வளையங்களைக் கொடுத்து, எறிந்து மாட்டச் சொன்னார். எவ்வளவு தூரத்தில் நிற்பது என்பது அவரவர் விருப்பம். இது விளையாட்டு மாதிரி இருக்கும், ஆனால் ஒரு காரியத்துக்காகச் செய்வது. ரொம்பக் கிட்டே நிற்கிறவர் தோற்கப் பயப்படுகிறார். ரொம்பத் தூரம் போகிறவர் அதிர்ஷ்டத்தை நம்புகிறார். தன் கை எதுவரை எட்டும் என்று பார்த்துப் பார்த்து நிற்கிறவர் தொழிலுக்கு ஏற்றவர். அப்படித்தான் பயிற்சிப் புத்தகம் சொன்னது.

முத்திருளன் என்று ஒருவர். அலங்காநல்லூர்ப் பக்கத்துக்காரர், செல்லூரில் பெட்டிக்கடை வைத்திருந்தார், சோடா கம்பெனி தொடங்க வந்திருந்தார். அவர் முளைக்குப் பக்கத்தில் போய் நின்று எல்லா வளையங்களையும் கையாலேயே மாட்டிவிட்டார்.

"அண்ணே, எறியணும்."

"மாட்டணும்னுதான சார் சொன்னீங்க? மாட்டிட்டேன்ல?"

"கொஞ்சம் எட்ட நின்னு பாருங்க."

"எட்ட நின்னா கீழ விழுந்துரும் சார். அப்புறம் குனிஞ்சு நான்தான பெறக்கணும்?"

கூடமே சிரித்தது. ஜெயக்கொடி கிட்டே நின்று ஒன்று போட்டாள். முளையில் மாட்டியது. ஓரடி பின்னால் போனாள். அதுவும் மாட்டியது. இன்னும் பின்னால். தவறியது. ஓரடி முன்னால் வந்து மிச்சத்தை அங்கிருந்தே போட்டாள். இதை அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. தனிஸ்லாசுக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம்.

மெழுகுவர்த்தி செய்முறையை மண்டபத்தின் பின்கட்டில், கல்யாணச் சமையல் நடக்கும் கோட்டை அடுப்பில் வைத்துக் கற்றுக்கொடுத்தார்கள். மெழுகை நேராகத் தீயில் வைக்கக் கூடாது, பற்றிக்கொள்ளும். பெரிய பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, அந்தத் தண்ணீருக்குள் சின்னப் பாத்திரத்தில் மெழுகை வைத்து உருக்க வேண்டும். அச்சு அலுமினியத்தில் இரண்டு பாதியாக இருக்கும், புத்தகம் மாதிரித் திறக்கும். உட்புறம் முழுக்க நீளமான பள்ளங்கள். எண்ணெய் தொட்ட துணியால் அவற்றைத் துடைத்து, திரிநூலைப் பள்ளம் பள்ளமாக மேலும் கீழும் இழுத்துக் கட்டி, மூடி, முடுக்கி, மேலே மெழுகை ஊற்றி, அச்சைத் தண்ணீர்த் தொட்டியில் நிறுத்த வேண்டும். மெழுகு ஆறும்போது சுருங்கும். சுருங்கும்போது மேலே, திரியைச் சுற்றி ஒரு குழி விழும். அந்தக் குழியில் இன்னும் கொஞ்சம் ஊற்றினால்தான் வர்த்தி முழுசாகும். அவசரப்பட்டுத் திறந்தால் வளைந்துவிடும்.

அந்தக் குழி ஜெயக்கொடிக்கு ஆச்சரியமாக இருந்தது. "ஊத்துனப்ப நெறஞ்சுதான சார் இருந்துச்சு?"

"சூட்டுல நெறஞ்சு இருந்துச்சுக்கா. ஆறினதும்தான் உண்மையான அளவு தெரியும்."

நாலாவது வாரம் சந்தை ஆய்வு. செய்யப்போகிற பொருளை வாங்க ஆள் இருக்கிறதா என்று நேரில் போய்க் கேட்டுவர வேண்டும். கேட்காமல் தொடங்கினால் பொருள் வீட்டிலேயே தங்கிவிடும். தனிஸ்லாஸ் இதைப் பலமுறை சொன்னார். எத்தனை கடை, வாரத்துக்கு எத்தனை பாக்கெட் என்பதைப் பொறுத்துத்தான் எத்தனை அச்சு வாங்குவது என்று முடிவாகும், அதைப் பொறுத்துத்தான் எவ்வளவு கடன், எவ்வளவு மெழுகு என்று முடிவாகும்.

ஜெயக்கொடி இதை மிகவும் யோசித்துச் செய்தாள். வகுப்பு முடிந்ததும் பஸ் ஏறி, திண்டுக்கல் ரோட்டில் ஒவ்வொரு நாளும் ஒரு நிறுத்தத்தில் இறங்கினாள். கடைக்குப் போகிற நேரத்தையும் அவளே தேர்ந்தெடுத்தாள். விளக்கு வைக்கிற நேரம்.

மதுரைக் கடைகளில் அந்த நேரத்துக்கு ஒரு முறை உண்டு. வெளிச்சம் மங்கத் தொடங்கியதும் வாசலைக் கூட்டித் தண்ணீர் தெளிப்பார்கள். குண்டு பல்பைப் போட்டு, எரிந்த பல்பைப் பார்த்தே கையெடுத்துக் கும்பிடுவார்கள். சாமி படத்துக்கு ஊதுவத்தி காட்டி, அதே கையோடு கல்லாப் பெட்டியையும் ஒரு சுற்றுச் சுற்றுவார்கள். லட்சுமி உள்ளே வருகிற நேரம் அது. அந்த நேரத்தில் நல்ல காரியம் பேசினால் நல்ல வாக்கு வரும் என்பது ஜெயக்கொடி சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தது. பெண் கேட்கப் போகிறவர்கள்கூட நேரம் பார்த்துத்தானே போகிறார்கள்? வாழ்க்கையில் முதல்முறையாகத் தன் பெயரில் ஒன்று கேட்கப் போகிறவள் நேரம் பார்க்க மாட்டாளா?

முதல் கடை, விளாங்குடியில் பேயாண்டியின் மளிகைக் கடை. அவர் ஊதுவத்தியைச் செருகிவிட்டுத் திரும்பியபோது அவள் வாசலில் நின்றாள்.

"அண்ணே, மெழுகுவர்த்தி போடலாம்னு இருக்கேன். நீங்க வாங்கிக்கிருவீங்களா?"

பேயாண்டி அவளைப் பார்த்தார், சாமி படத்தைப் பார்த்தார். "நல்லாப் போடு தாயி. கொண்டா. ஓடும்."

"வாரத்துக்கு எம்புட்டு எடுப்பீங்க?"

"எம்புட்டு வேணா கொண்டா. கரண்டு போற போக்குக்கு எல்லாம் போகும்."

எல்லாக் கடையிலும் ஏறக்குறைய இதே பதில்தான். பரவையில் ஒரு கடைக்காரர் அவள் கையில் ஒரு சிட்டிகைத் திருநீறே கொடுத்தனுப்பினார். தனிஸ்லாஸ் அவள் ஆய்வை வகுப்பில் எல்லாருக்கும் எடுத்துச் சொன்னார். "இப்படித்தான் செய்யணும்" என்றார். நாலு அச்சுக்குத் திட்டம் தயாரானது. டைப் அடித்துக் குழுவுக்கு அனுப்பியும் ஆகிவிட்டது.

குழு கூடுவதற்கு முந்தின வாரம், மதியச் சாப்பாட்டு நேரத்தில் பேச்சு வந்தது. முத்திருளன் தூக்கைத் திறந்துகொண்டே கேட்டார்.

"ஏக்கா, ஒரு கடைகூடவா வேணாம்னு சொல்லல? நான் சோடாவுக்குப் போனேன், பாதிப்பேரு எந்திரிச்சுப் போடான்னுட்டான். அப்படி என்ன மந்திரம் போட்ட?"

"மந்திரமும் இல்ல, மாயமும் இல்லண்ணே. வெளக்கு வைக்கிற நேரமாப் பாத்துப் போனேன்."

முத்திருளன் கையில் எடுத்த சோற்றை மறுபடி தூக்குக்குள் போட்டார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். "அடி ஆத்தி! வெளக்கு வச்ச நேரத்துல வாசல்ல ஒரு பொம்பள வந்து நின்னு கேட்டா, எந்தக் கடைக்காரன்க்கா இல்லைம்பான்?"

"ஏன்?"

"ஏன்னா? அந்த நேரத்துல இல்லைங்கிற சொல்லே வாயில வரக்கூடாது. வேணாம்னும் சொல்லக்கூடாது. சொன்னா வார லட்சுமி வாசலோட திரும்பிப் போயிரும்ல? என் கடையில அந்த நேரத்துல எவனாச்சும் வந்து யானை இருக்கான்னு கேட்டாக்கூட, நாளைக்கி வருது அண்ணேன்னுதான் சொல்லுவேன். நீ உன் வீட்டுல அந்த நேரத்துல அரிசி இல்லன்னு சொல்லுவியா?"

ஜெயக்கொடி சொல்ல மாட்டாள். சொன்னதே இல்லை. வாங்க வேண்டும் என்பாள், தீரப்போகிறது என்பாள். அந்த வழக்கம் அவள் வீட்டிலும் இருந்தது, அவள் நாக்கிலும் இருந்தது. அந்த நேரத்தில் கேட்டால் நல்ல வாக்கு வரும் என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் அந்த வாக்கு ஏன் நல்லதாகவே வருகிறது என்று அவள் ஒருநாளும் யோசித்ததில்லை. கேட்கிறவள் நல்லது நடக்க அந்த நேரத்தைத் தேடிப் போகிறாள். சொல்கிறவர் கெட்டது நடக்காமலிருக்க அந்த நேரத்தில் தலையாட்டுகிறார். இரண்டு பேர் மேலும் தப்பில்லை. ஆனால் அந்தச் சம்மதத்தை வைத்து ஒரு மெழுகுவர்த்திகூட விற்க முடியாது.

அவள் சாப்பாட்டை மூடி வைத்தாள். முத்திருளனுக்குச் சங்கடமாகிவிட்டது. "இந்தாக்கா, நான் சும்மா வெளையாட்டுக்குச் சொன்னேன். சில பேரு நெசமாவும் சொல்லியிருப்பான்."

"எந்தச் சில பேருண்ணே?"

முத்திருளன் தன் தூக்கையும் மூடிவிட்டார்.

தனிஸ்லாசிடம் சொன்னபோது அவர் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். அந்த வழக்கம் அவருக்கும் தெரியும். மதுரையில் பிறந்தவருக்குத் தெரியாமல் இருக்குமா? ஆனால் ஆய்வு எந்த நேரத்தில் நடந்தது என்று அவர் கேட்கவே இல்லை. கேட்க வேண்டும் என்று பயிற்சிப் புத்தகத்திலும் இல்லை.

"பேப்பர் எல்லாம் மேல போயிருச்சுக்கா" என்றார்.

"தெரியும் சார்."

"குழுவுக்கு அனுப்புனதுல, நம்ம வகுப்புலயே நல்ல திட்டம் உங்களோடதுதான். பாஸ் ஆயிரும்னு நெனச்சிட்டு இருந்தேன்."

அவள் நின்றுகொண்டே இருந்தாள். பேசாமல் இருந்துவிட்டால் நாலு அச்சும் கடனும் மெழுகும் வந்துவிடும் என்பது இருவருக்கும் தெரிந்தது. சொன்னால் மொத்தமும் போகலாம், அடுத்த வருஷம் அவளுக்கு வயது இல்லை என்பதும் தெரிந்தது.

"யோசிச்சுட்டு நாளைக்கி வாரேன் சார்."

வீட்டில் வீரணன் முழுவதையும் கேட்டான். ஆலைக்குப் போய் அன்றைக்கும் திரும்பி வந்திருந்தான்.

"மில்லு கேட்டுல நிக்கிற கிளார்க்கு தங்கமான ஆளு" என்றான். "ஒருநாளும் போன்னு சொன்னதில்ல. நாளைக்கி வாப்பா, பாப்போம்னுதான் சொல்லுவாரு. அவரு ஒரு தடவ முடியாதுன்னு சொல்லியிருந்தா, நான் என்னைக்கோ வேற பொழப்பப் பாத்துருப்பேன்."

மறுநாள் காலையில் அவள் தனிஸ்லாசிடம் வந்து, மறுபடியும் எல்லாக் கடைக்கும் போகப் போவதாகச் சொன்னாள். வகுப்புக்கு வர முடியாது, மன்னிக்க வேண்டும் என்றாள். அவர் முகம் தெளிந்தது. இரவு அவரும் யோசித்திருக்கிறார்.

"பத்து மணிக்கு மேல போங்க. இன்னொண்ணு, வாங்குவீங்களான்னு கேக்காதீங்க. அது இனிமே நடக்கப்போறது. அதுக்கு யாரு வேணா எது வேணா சொல்லலாம். போன வாரம் எத்தன வித்துச்சுன்னு கேளுங்க. வித்தது எது, விக்காம கெடக்குறது எது, ஏன் கெடக்குதுன்னு கேளுங்க. நடந்து முடிஞ்சதுல மரியாதைக்கிப் பொய் சொல்ல மாட்டாங்க."

"நீங்களும் வாரீங்களா சார்?"

"நான் பேண்ட் சட்டையோட வந்து நின்னா ஆபீசர்னு நெனச்சு மறுபடியும் மரியாதையாப் பேசுவாங்க. நீங்களே போங்கக்கா."

பேயாண்டி வேர்த்து வழிந்துகொண்டு மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, மெழுகுவர்த்தி போன வாரம் எத்தன வித்துச்சு?"

"அதை ஏன் கேக்குற? வித்தாத்தான சொல்றதுக்கு."

"அன்னைக்கி எம்புட்டு வேணா கொண்டான்னு சொன்னீங்களே!"

"அன்னைக்கி நீ வெளக்கு வச்ச நேரத்துல வந்து நின்ன. என்னை என்னா சொல்லச் சொல்ற? ஊதுவத்தி கையில இருக்கு, நீ வாசல்ல நிக்கிற." அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். "இப்பக் கேளு, சொல்றேன். வேணாம்."

"ஏன் வேணாம்?"

இந்தக் கேள்வியை யாரும் அவரிடம் கேட்டதில்லை போலிருக்கிறது. உள்ளே போய் ஒரு கண்ணாடிப் பாட்டிலைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தார். அதற்குள் வர்த்திகள் எல்லாம் வில் மாதிரி வளைந்து, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன.

"பாரு. கத்தரி வெயில்ல இந்த முன்பக்கம் எப்படிக் கொதிக்கும்னு உனக்குத் தெரியாதா? வாங்கி வச்ச பத்து நாள்ல இப்படிக் கூன் விழுந்துருது. இதை எவன் காசு குடுத்து வாங்குவான்? சைக்கிள்ல கொண்டாந்து போடுறவன் திருப்பி எடுக்க மாட்டேங்குறான். உள்ள வச்சா நான் வச்சிருக்கிறதே ஒருத்தனுக்கும் தெரியல. இதான் சங்கதி."

ஜெயக்கொடி பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வெயில் பட்ட பக்கம் அதிகமாக வளைந்திருந்தது. "வளையாம இருந்தா?"

"வளையாம இருந்தா வைப்பேன். ஆனா அம்புட்டெல்லாம் வேணாம். கரண்டு போனா மட்டுந்தான் ஆளு வரும். வந்தாலும் ஒண்ணே ஒண்ணுதான் வாங்கும்."

பரவையில் சுந்தரம்மாள் என்ற அம்மா கடை வைத்திருந்தார். அவர் வேறு குறை சொன்னார். நீள வர்த்தி நிற்பதில்லை. அடியை உருக்கித் தரையில் ஒட்ட வைத்தால் பிள்ளைகள் தட்டிவிடுகிறார்கள். ஒரு வீட்டில் பாய் எரிந்துவிட்டது, அந்த வீட்டுக்காரி கடைக்கே வந்து சண்டை போட்டாள்.

"நான் என்னாத்தா செய்வேன்? நானா போயி பாயில ஒட்ட வச்சேன்? குட்டையா, குண்டா, தானா நிக்கிற மாதிரி ஒண்ணு இருந்தா குடு. இந்த ஒல்லிக்குச்சி எனக்கு வேணவே வேணாம்."

ஒவ்வொரு கடையாக ஏறி இறங்கினாள். பெரும்பாலான கடைகளில் வேண்டாம் என்றுதான் சொன்னார்கள். முதல் இரண்டு மறுப்பும் நெஞ்சில் குத்தின. அதற்குப் பிறகு அவள் ஒன்றைக் கவனித்தாள். அன்றைக்குச் சம்மதம் சொன்னவர்கள் ஒருவரும் காரணம் சொல்லவில்லை. இன்றைக்கு வேண்டாம் என்கிறவர்கள் எல்லாரும் காரணம் சொன்னார்கள். காரணங்களைச் சேர்த்துப் பார்த்தால் செய்ய வேண்டிய பொருள் எப்படி இருக்க வேண்டும் என்று தானாகத் தெரிந்தது: வெயிலில் வளையாதது, குட்டையானது, தானே நிற்பது, ஒன்றொன்றாக விற்கக்கூடியது.

வளைவதற்கான காரணத்தைத் தனிஸ்லாஸ் ஒரு பழைய கையேட்டில் தேடிப் பிடித்தார். மெழுகோடு ஸ்டியரிக் ஆசிட் என்ற ஒன்றைச் சேர்ப்பார்கள். பெயர்தான் ஆசிட், பார்க்க வெள்ளைச் செதில்களாக இருக்கும், தொட்டால் ஒன்றும் செய்யாது. அது சேர்ந்தால் வர்த்தி கெட்டியாகும். செலவைக் குறைக்க அதைக் குறைத்துவிடுகிறார்கள். போதாததற்கு மட்டமான மெழுகில் எண்ணெய் மிச்சமிருக்கும், அது சூட்டில் இளகும். இருவரும் பின்கட்டு அடுப்பில் அதைச் சேர்த்து ஒன்று, சேர்க்காமல் ஒன்று என்று இரண்டு கலவை செய்து, ஊற்றி, மண்டபத்தின் மொட்டை மாடியில் ஒரு தகரத்தின் மேல் வெயிலில் நிறுத்தி வைத்தார்கள். மதியம் போய்ப் பார்த்தால் ஒன்று தலைகுனிந்து கிடந்தது, ஒன்று நின்றுகொண்டிருந்தது. தகரம் சுட்டதையும் மறந்து தனிஸ்லாஸ் மண்டிபோட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆனால் வந்த கணக்கு சின்னது. கெட்டியான குட்டை வர்த்தியாக இருந்தால் வைக்கிறோம் என்றவர்கள் முன்பு சம்மதம் சொன்னவர்களில் நாலில் ஒரு பங்குகூட இல்லை. அதை வைத்து நாலு அச்சு கேட்க முடியாது.

குழு வந்த நாளில் முகூர்த்தம் இல்லை. மூன்று பேரும் பந்தி மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். பயிற்சி பெற்றவர்கள் வெளியே வரிசையாகக் காத்திருந்தார்கள். ஜெயக்கொடி உள்ளே போனபோது தனிஸ்லாஸ் சுவரோரம் நின்றார்.

"உக்காருங்கம்மா" என்றார் பாங்க் மேலாளர். "திட்டம் படிச்சோம். நல்லா இருக்கு."

"அதுல எழுதியிருக்கிறது தப்பு சார்."

தொழில்துறை அதிகாரி நிமிர்ந்து தனிஸ்லாசைப் பார்த்தார். ஜெயக்கொடி எல்லாவற்றையும் சொன்னாள். எந்த நேரத்தில் போனாள், ஏன் போனாள், அவர்கள் ஏன் அப்படிச் சொன்னார்கள், மறுபடி போனபோது என்ன சொன்னார்கள். கொண்டுவந்திருந்த இரண்டு வர்த்திகளை மேசையில் வைத்தாள். ஒன்று வளைந்தது, ஒன்று நிமிர்ந்தது.

மேலாளர் சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. "வெளக்கு வைக்கிற நேரத்துல எங்க வீட்டுலயும் ஒண்ணு கேக்க முடியாது, ஒண்ணு மறுக்க முடியாது. சரிம்மா, நீங்க கேக்குறது நாலு அச்சு. இந்தக் கணக்குக்கு ஒண்ணே அதிகம்."

"ஆமா சார்."

"ஒரு அச்சுல வர்ற வருமானம் ஒங்க வீட்டுக்காரருக்கு மில்லுல கெடைக்கிறதவிடக் கம்மியா இருக்கும். தெரியுமா?"

"தெரியும் சார். ஆனா அது தெனமும் இருக்கும்."

மூவரும் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டார்கள். அதிகாரி கையிலிருந்த பேனாவை மூடினார். அவர் நல்ல மனிதர்தான். யார் மனமும் நோகக் கூடாது என்று நினைக்கிறவர்.

"நீங்க உண்மையைச் சொன்னது ரொம்பச் சந்தோஷம்மா. இப்போதைக்கு இதை நிறுத்தி வைப்போம். ஆறு மாசம் கழிச்சு வாங்க, பாப்போம்."

ஜெயக்கொடி எழுந்திருக்கவில்லை.

"பாப்போம்னா என்ன சார்?"

"என்னம்மா?"

"கோவிச்சுக்காதீங்க. ஆறு மாசத்துல எனக்கு முப்பத்தஞ்சு முடிஞ்சுரும். அப்ப வந்தா வயசு இல்லன்னு சொல்லிருவாங்க. முடியாதுன்னா இப்பவே முடியாதுன்னு சொல்லுங்க சார், நான் வேற வேலை பாத்துக்கிறேன். ஆனா ஏன் முடியாதுன்னு சொல்லுங்க. முடியும்னா, எதுக்கு முடியும்னு சொல்லுங்க."

தனிஸ்லாஸ் சுவரிலிருந்து முதுகை எடுத்தார். அவருக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது. ஆனால் மேலாளர் காகிதத்தை மறுபடி தன் பக்கம் இழுத்தார்.

"கேக்குறது நியாயந்தான்" என்றார் அதிகாரியிடம். பிறகு அவளிடம், "காரணத்தோட சொல்றேன். நாலு அச்சு முடியாது. வித்த கணக்கு இல்லாம நான் பணம் குடுத்தா, நாளைக்கி உங்க வீட்டையும் சேத்து மாட்டிவிட்டவனாயிருவேன். ஒரு அச்சு முடியும். அதுக்கு இன்னைக்கே பரிந்துரை எழுதுறோம். ஒங்க பேரு இந்த வருஷத்துலயே பதிவாயிரும், அதுக்கப்புறம் எவனும் வயசு கேக்க மாட்டான். ரெண்டாவது அச்சு எப்பன்னா, ஒரு கோடை முழுக்க ஒங்க சரக்கு வளைஞ்சு திரும்பி வராம இருந்தா. போதுமா?"

"ஒரு கோடை. திரும்பி வரக்கூடாது."

"அம்புட்டுத்தான்."

"சரி சார். இது புரியுது." அவள் இரண்டு வர்த்திகளையும் எடுக்கப் போனாள். கை பாதியில் நின்றது. "இன்னொண்ணு கேக்கணும் சார். கடைகள்ல விக்கிற அச்செல்லாம் நீள வர்த்திக்குத்தான் இருக்கு. குட்டையா, அடி அகலமா வேணும்னா யாரு செஞ்சு குடுப்பாங்க?"

இதுவரை ஒன்றும் பேசாமல் இருந்த பொறியாளர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "அடி அகலமா, மேல போகப் போக ஒடுங்கணுமா, ஒரே அகலமா?"

"தானா நிக்கணும் சார். பிள்ளைங்க தட்டுனாலும் விழக்கூடாது."

"அப்ப ஒடுங்கணும். ஒடுங்கினா அச்சை ரெண்டாப் பிளக்கவே வேணாமே, கவுத்துத் தட்டினா வந்துரும். மெழுகு சுருங்குறதே உதவியா இருக்கும்." அவர் அவளுடைய பழைய திட்டத்தின் பின்பக்கத்தைத் திருப்பி, பென்சிலால் வரையத் தொடங்கினார். "திரி நடுவுல நிக்கணும். அதுக்கு அச்சோட அடியில ஒரு ஓட்டை..."

"ஓட்டை வழியா ஒழுகாதா சார்?"

"நல்ல கேள்வி. ஒழுகும். எண்ணெய்த் துணி வச்சு அடைச்சா?"

தனிஸ்லாஸ் அதற்குள் மேசைக்கு வந்துவிட்டார். மேலாளரும் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக் குனிந்தார். அதிகாரி மட்டும் வரிசையில் இன்னும் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கதவைப் பார்த்தார். அங்கே முத்திருளன் தலையை நீட்டிக்கொண்டிருந்தார்.

"ஏக்கா, பாஸா, பெயிலா? நான் உள்ள வரலாமா, இல்ல வீட்டுக்குப் போயி சாப்புட்டு வாரதா?"

"ஒண்ணு குடுத்துருக்காங்கண்ணே" என்றாள் ஜெயக்கொடி, படத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "இருங்க, இந்த ஓட்டையை மட்டும் அடைச்சுட்டு வாரேன்."